அக்கா வீட்டுச் சுவரில் ஒரு போர்க்கப்பல்

கொல்லிமலையில் கடல் கிடையாது. இதைத் தொண்டைத் தண்ணீர் வற்ற வாதாட வேண்டிய நிலைமை எனக்கு வந்தது. அதுவும் சொந்த மச்சானிடம், அவர் வீட்டில் உட்கார்ந்து, என் அக்கா போட்ட காப்பியைக் குடித்துக்கொண்டு. வாதத்தில் தோற்றதும் நான்தான்.

விஷயம் ஒரு போட்டோ. கறுப்பு வெள்ளைப் படம், ஆகாயத்திலிருந்து எடுத்தது. கீழே இருண்ட கடல். அதில் ஒரு போர்க்கப்பல், சுண்டுவிரல் நகத்தளவு. கப்பலுக்குப் பின்னால் அது கிழித்துக்கொண்டு போன தண்ணீர் வெள்ளை வெளேரென்று ஒரு கோடாக நீளும். கோடு நேராக இருக்காது. இந்தப் பக்கம் ஒரு வளைவு, அந்தப் பக்கம் ஒரு வளைவு, மறுபடி இந்தப் பக்கம். தலைக்கு மேலே விமானங்கள் குண்டு போடும்போது கப்பல்காரன் வேறென்ன செய்வான், வளைந்து வளைந்து ஓடத்தான் பார்ப்பான். கோட்டுக்கு இருபுறமும் அங்கங்கே வெள்ளை வட்டங்கள். அவை குறி தவறிய குண்டுகள் கிளப்பிய தண்ணீர். கப்பலின் நடுவிலிருந்து கொஞ்சம் புகை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். அது தவறாத குண்டு.

இந்தப் படத்தைக் கண்ணாடி போட்டு, முருகனுக்கும் உரக்கடைக் காலண்டருக்கும் நடுவில் மாட்டிவைத்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மச்சான் பல வருஷமாகச் சொல்லி வந்தது இது: "நம்ம ரோடுங்க. ஏரோப்ளேன்ல இருந்து எடுத்தது. இங்க புகை வருது பாருங்க, அதான் நம்ம ஊடு."

சிரிக்கிறவர்கள் ஒரு தடவை எங்கள் மலைக்கு வந்து பார்த்துவிட்டுச் சிரிக்கலாம். மற்ற ஊர்க்காரர்கள் ரோட்டை நின்று பார்க்கிறவர்கள். நாங்கள் மேலே இருந்து பார்க்கிறவர்கள். மேல்காட்டில் களை வெட்டிக்கொண்டே கீழே ஒரு கண் வைத்திருப்போம். காடு கறுப்பாகக் கிடக்கும், ரோடு வெள்ளையாக நெளியும், பஸ் ஒரு புள்ளியாக ஊர்ந்து வரும். அது எந்த வளைவைத் தாண்டுகிறது என்று பார்த்துத்தான் மிளகு மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு இறங்க ஆரம்பிப்போம். அதற்கு முன்னால் இறங்கினால் வீணாகக் காத்திருக்க வேண்டும், பின்னால் இறங்கினால் பஸ் போய்விடும். எழுபது வளைவு ஏறித்தான் எங்கள் மலைக்கே வர முடியும். வளைவு என்றால் எங்களுக்கு ரோடு. கடல் என்றால் டிவி. அப்படிப்பட்ட ஆளிடம் கறுப்புக்கு நடுவில் வெள்ளையாக நெளிகிற கோட்டையும் அதன் முனையில் ஒரு புள்ளியையும் காட்டினால், அவர் கப்பல் என்றா சொல்வார்?

ஆனால் நான் சொன்னேனே. படத்தைக் கொண்டு வந்து கொடுத்தவனே நான்தானே. அதற்கு என்ன மரியாதை கிடைத்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நான் கடற்படையில் போட்டோ பிரிவில் இருந்தவன். மலைக்காட்டிலிருந்து ஒருத்தன் கடற்படைக்குப் போனான் என்றால் வீரம் பொங்கிப் போனான் என்று நினைத்துவிட வேண்டாம். சேலத்தில் ஆள் எடுக்கிறார்கள், துணைக்கு வா என்று கூட்டாளி ஒருவன் கூப்பிட்டான். அவன் உயரம் போதவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். துணைக்குப் போன நான் மாட்டிக்கொண்டேன். அங்கேயும் நான் கப்பலில் இருந்ததைவிட இருட்டறையில் இருந்ததுதான் அதிகம். விமானம் எடுத்து வருகிற படங்களைக் கழுவிக் காயவைப்பது முதல் வேலை. கொஞ்ச வருஷம் கழித்து, படத்தைப் பார்த்து அதில் என்ன இருக்கிறது என்று சொல்கிற வேலை. அதற்கு ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார்கள். அந்த வகுப்பில் பழைய உலகப் போர்க் காலத்துப் படங்களைக் கையில் கொடுப்பார்கள். எந்த நாட்டுக் கப்பல், எந்தக் கடல் என்று ஓரத்தில் எழுதியிருப்பதை முதலிலேயே கத்தரித்துவிடுவார்கள். இல்லாவிட்டால் நாங்கள் அதைப் பார்த்து எழுதி மார்க் வாங்கிவிடுவோம் என்று பயம். நியாயமான பயம்தான்.

வகுப்பு எடுத்த வாத்தியார் வடக்கத்திக்காரர், வாய்த்துடுக்கு ஜாஸ்தி. குண்டு போட்டுவிட்டு வருகிற எந்த விமானியும் தவறிவிட்டது என்று சொன்னதாகச் சரித்திரமே இல்லை என்பார். எல்லோரும் கப்பலை மூழ்கடித்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்களாம். எல்லோர் பேச்சையும் நம்பினால் எதிரி கட்டாத கப்பலெல்லாம்கூட முழுகியிருக்கும். மறுநாள் ஒரு விமானத்தை அனுப்பிப் படம் எடுத்துப் பார்த்தால், முழுகிய கப்பல் ஜம்மென்று போய்க்கொண்டிருக்கும். அந்தப் படத்தைக் கொண்டுபோய் அதிகாரியின் மேஜையில் வைத்து, 'ஐயா, நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை' என்று சொல்வதுதான் எங்கள் பிழைப்பு. நல்ல சேதியைக் கெடுப்பதற்கு மாதாமாதம் சம்பளம் வாங்கியவன் நான். அந்தப் புத்தி வேலையை விட்டு வந்த பிறகும் போகவில்லை. கல்யாண வீட்டில்கூட என்னை முன்வரிசையில் உட்கார வைக்க மாட்டார்கள்.

வாத்தியார் இன்னொன்றும் சொன்னார். தரையில் சண்டை நடந்தால் இடிந்த சுவர் மிஞ்சும், பள்ளம் மிஞ்சும், பிற்பாடு ஒரு கல்லாவது நட்டுவைக்கலாம். கடலில் ஒன்றும் மிஞ்சாது. கப்பல் போட்ட கோடு கொஞ்ச நேரத்தில் அழிந்துவிடும். அடுத்த நாள் அதே இடத்துக்குப் போனால் தண்ணீர் தண்ணீராக இருக்கும். அங்கே நடந்ததற்குச் சாட்சி அந்தப் படம் ஒன்றுதான், அதனால் அதை ஒழுங்காகப் பார் என்பார். பார்த்தோம். நீளம் என்ன, நிழலை வைத்து உயரம் என்ன, கோட்டை வைத்து வேகம் என்ன, பீரங்கி எந்தப் பக்கம் பார்க்கிறது, எல்லாம் கேட்டார்கள், எல்லாம் சொன்னோம். அதில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. எங்களுக்கும் தோன்றவில்லை.

இந்தக் கப்பலின் கதை முடிந்ததை நான் அங்கேயே பார்த்தேன். அதே இடத்தைக் கொஞ்ச நேரம் கழித்து எடுத்த இன்னொரு படத்தையும் காட்டினார்கள். அதில் கப்பல் இல்லை. எண்ணெய் படர்ந்த ஒரு திட்டு இருந்தது, அவ்வளவுதான். வகுப்பு முடிந்ததும், மடங்கிக் கசங்கிய பிரதிகளைக் குப்பையில் போடப் போகிறோம், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நான் கப்பல் இருக்கிற படத்தை எடுத்துக்கொண்டேன். எண்ணெய்ப் படத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் யாரிடம் காட்டுவது.

லீவில் வந்தபோது அக்காவிடம் கொடுத்தேன். என்ன வேலை பார்க்கிறாய் என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள், சொன்னால் புரியாது, இதைப் பார்த்துக்கொள் என்று கொடுத்தேன். அவள் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "சோறு நேரத்துக்குப் போடறாங்களா கண்ணு" என்று கேட்டாள். மச்சான் படத்தை மலைக்குக் கீழே காளப்பநாயக்கன்பட்டிக்குக் கொண்டுபோய்க் கண்ணாடி போட்டு வந்தார். அடுத்த லீவில் வந்து பார்த்தால் கப்பல் ரோடாகிவிட்டிருந்தது.

மச்சான் மினி லாரி ஓட்டியவர். திண்ணனூர் நாடு என்று எங்கள் மலையில் சொல்கிற ஊர்களின் மரவள்ளிக் கிழங்கையெல்லாம் மலையிலிருந்து இறக்கியது அவர் வண்டிதான். ரோடு விஷயத்தில் அவரிடம் வாயைக் கொடுக்க முடியாது.

"மச்சான், இது கடலுங்க" என்றேன்.

"கடலுன்னா அலை எங்க மாப்ள?"

"அவ்வளவு உசரத்துல இருந்து பாத்தா அலை தெரியாதுங்க."

"அலை தெரியல, மீனு தெரியல, தண்ணியும் தெரியல. ஆனா கடலு. ரோடு பளிச்சுன்னு தெரியுது, அது மட்டும் ரோடு இல்ல. நல்லாருக்குதுங்க உங்க படிப்பு."

பிறகு கண்ணாடி மேல் விரலை வைத்து வகுப்பு எடுத்தார். இது புளியமரத்து வளைவு. இது பால் வண்டி கவிழ்ந்த வளைவு. இது கருப்பனார் கோயில் வளைவு. குண்டு விழுந்து எழும்பிய வெள்ளை வட்டங்கள் எல்லாம் பாறை, வெயில் பட்டால் அப்படித்தான் மின்னுமாம். படத்தில் ஒரு வளைவு அதிகமாக இருக்கிறதே என்று மடக்கினேன். "அது பழைய ரோடு மாப்ள. மழையில அடிச்சுட்டுப் போயிருச்சு" என்றார். குண்டுக்குத் தப்பிக்கப் பார்த்த அந்தக் கப்பல் கேப்டன் பாவம், கடைசியாக ஒடித்த ஒடிப்பு எங்கள் ஊர் மழையில் போய்விட்டது. அக்கா மிளகு உதிர்த்துக்கொண்டே இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். நானும் வருஷா வருஷம் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். ஓய்வு பெற்று மலைக்கே வந்து நாலு மிளகுக் கொடியோடு உட்கார்ந்த பிறகு, அந்தப் படத்தை அண்ணாந்து பார்ப்பதைக்கூட நிறுத்திவிட்டேன்.

கொஞ்ச காலத்துக்கு முன் ரோட்டை அகலப்படுத்த வந்தார்கள். சந்தை கூடுகிற சோளக்காடு என்ற ஊரிலிருந்து திண்ணனூர் நாட்டுப் பக்கம் போகிற வழியில், ஒரு வளைவுக்கு மேலேதான் அக்கா வீடு. வந்தவர்கள் நாடாவைப் பிடித்து அளந்து, அவள் வீட்டுச் சுவரில் சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனார்கள். கோடு அடுப்படிக்கு நடுவில் போனது. கீழே ரோடு ஆபீஸில் போய்க் கேட்டபோது ரொம்ப மரியாதையாகத்தான் பதில் சொன்னார்கள். முதன்முதலில் மண் ரோடு போட்ட காலத்திலேயே இருந்த வீடு என்று ஆதாரம் காட்டினால் ரோடு ஒதுங்கிப் போகும். காட்டாவிட்டால், புறம்போக்கில் பிற்பாடு வந்து கட்டியது என்று எழுதி இடித்துவிடுவார்கள்.

அந்த வீடு ரோட்டைவிட மூத்தது. ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் ஊரில் யாரைக் கேட்டாலும் என்பது ஆதாரம் இல்லையாம். மச்சானின் பாட்டன் வைத்த பலாமரம் ஆதாரம் இல்லையாம். பாறையை அடுக்கிக் கட்டிய வரப்பு ஆதாரம் இல்லையாம். தாள் வேண்டும். எங்கள் மலையில் மரத்துக்கும் வரப்புக்கும் தாள் எழுதி வைக்கிற வழக்கம் இருந்திருந்தால் நாங்கள் ஏன் சாமை விதைக்கப் போகிறோம், ஆபீஸே நடத்தியிருக்கலாம்.

அக்கா அந்தச் சிவப்புக் கோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சமைத்தாள். "இடிச்சா எங்க போறது சாமி? கீழ மகன் வூட்டுக்குப் போலாம். அந்த வெயில்ல நான் ஒரு கோடை தாங்க மாட்டேன்" என்றாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அவளைச் சமாதானப்படுத்துவதாவது ஒரு வேலையாக இருந்திருக்கும்.

ஒரு நாள் காலையில் மச்சான் வந்து, "மாப்ள, ஆபீசுல ஒரு கையெழுத்துப் போடோணும், வாங்க" என்றார். பஸ்ஸில் அக்காவும் இருந்தாள். மச்சான் மடியில் துண்டு சுற்றிய சதுரமான பொட்டலம் ஒன்று. ஏதோ சாமி படத்தைப் புதுப்பிக்கக் கொண்டுபோகிறார் என்று நினைத்துக்கொண்டு நான் ஜன்னலோரம் தூங்கிவிட்டேன். ஆபீஸில் மேஜை மேல் வைத்துத் துண்டைப் பிரித்தபோதுதான் தெரிந்தது, அது என் கப்பல்.

அந்த அதிகாரி கெட்டவர் இல்லை. சின்ன வயசு, தூக்கம் இல்லாத கண். படத்தைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. "இதுவரைக்கும் வந்தவங்க எல்லாரும் அழுதாங்க. இல்லேன்னா யார் பேரையாவது சொன்னாங்க. நீங்கதாங்க ஆதாரம்னு ஒண்ணு கொண்டு வந்திருக்கீங்க" என்றார். மச்சான் விரலை வைத்து ஆரம்பித்தார். புளியமரத்து வளைவு, பால் வண்டி வளைவு, கருப்பனார் கோயில். அதிகாரி தன் செல்போனில் மேலே இருந்து எடுத்த இன்றைய படத்தைத் திறந்து பக்கத்தில் வைத்தார். இரண்டும் பொருந்தவில்லை. கண்ணாடியோடு படத்தைக் கொஞ்சம் திருப்பினார். பொருந்தவில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினார். படத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தால் கடைசியில் நீ பார்க்க நினைத்ததே உனக்குத் தெரியும் என்று எங்கள் வாத்தியார் திட்டுவார். தெரிந்தது. அதிகாரி, "ஓ, வடக்கு இந்தப் பக்கமா" என்றார். கூடுதலாக இருந்த ஒரு வளைவைப் பற்றி அவரும் கேட்டார். மழையில் போய்விட்டது என்று மச்சான் சொன்னார். அதிகாரி தலையாட்டினார்.

"புகை தெரியுது" என்றார் பிறகு, கண்ணாடிக்குக் கிட்டே குனிந்து.

"அடுப்புப் புகைங்க சார். எங்க பாட்டன் பூட்டன் காலத்து அடுப்பு."

"புகை இருந்தா ஆள் குடியிருந்திருக்காங்கன்னு அர்த்தம். இது நல்ல பாயின்ட்" என்று எழுதிக்கொண்டார்.

அடுத்து என் பக்கம் திரும்பினார். நேவியா என்று கேட்டார். ஆமாங்க என்றேன். இந்தப் படம் நேவியில் கொடுத்ததா? ஆமாங்க. மேலிருந்து எடுத்ததுதானே? ஆமாங்க. பழசா? நான் பிறப்பதற்கு முந்தி எடுத்தது சார் என்றேன். எல்லாம் சத்தியம். கற்பூரம் அணைத்துச் சொல்லலாம்.

"அப்ப இந்தப் புள்ளி வீடுதான். இல்லீங்களா?"

எத்தனையோ மேஜைக்கு முன்னால் நின்று, 'இல்லை சார், நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை' என்று சொன்னவன் நான். வாய் பழகிப்போன வார்த்தை. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அக்கா சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். படத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த நேரத்தில் கோபம்தான் வந்தது. யாரோ எங்கேயோ கடலில் போன கப்பலுக்கு, ஒரு நாள்கூட மிஞ்சாத வெறும் தண்ணீருக்கு, இவ்வளவு சுத்தமாக ஒரு படம் இருக்கிறது. எத்தனை தலைமுறையாக நகராமல் ஒரே இடத்தில் நிற்கிற வீட்டுக்கு ஒரு படம் இல்லை. எப்படி இருக்கும். எங்கள் மேல் குண்டு போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அதனால் மேலே வந்து எங்களைப் படம் எடுக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. குண்டு போடும் அளவுக்குக்கூட எங்களை யாரும் மதித்ததில்லை.

"அதுல ஆளுங்க குடியிருந்தாங்க சார்" என்றேன். "சமைச்சாங்க, சாப்பிட்டாங்க, தூங்குனாங்க. நீங்களே பாத்தீங்களே, புகை வருது."

அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார். எனக்கு ஒரு காகிதம் நீட்டினார்கள். மேற்படி படம் மேலிருந்து எடுக்கப்பட்டது, பழையது என்று இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

படத்தைக் கண்ணாடியிலிருந்து கழற்றி ஃபைலில் வைத்துக்கொண்டார்கள். இப்போது அது அங்கேதான் இருக்கிறது, அடுப்புப் புகை காணப்படுகிறது என்ற குறிப்போடு. என்றைக்காவது ஓர் ஆராய்ச்சிக்காரர் மலைவாசிகளின் பழங்காலக் குடியிருப்பு என்று அதைக் கண்டுபிடித்துப் பட்டம் வாங்குவார். வாங்கட்டும். அவருடைய சந்தேகத்தைத் தீர்க்க நான் உயிரோடு இருக்கப் போவதில்லை, இருந்தாலும் வாயைத் திறக்கப் போவதில்லை.

மச்சான் விவரமானவர். கொடுப்பதற்கு முன்பே செல்போனில் ஒரு படம் பிடித்து வைத்திருந்தார். காளப்பநாயக்கன்பட்டி ஸ்டுடியோவில் கொடுத்தபோது, கறுப்பு வெள்ளை நல்லா இருக்காது, கம்ப்யூட்டரே கலர் கொடுத்துவிடும் என்றார்களாம். கொடுத்தது. கடல் முழுக்கப் பச்சைப் பசேலென்று காடு. பீரங்கி இருந்த இடத்தில் ஓட்டுக் கூரை மாதிரி ஒரு சிவப்பு. மச்சானுக்கு இப்போது அதில் பலாமரம்கூடத் தெரிகிறது.

ஆபீஸிலிருந்து திரும்பிய அன்று சோளக்காட்டில் இறங்கியதும் மச்சான் கடைகளில் சேதி சொல்லப் போய்விட்டார். அன்னாசிப்பழக் குவியல்களுக்குப் பக்கத்தில் நானும் அக்காவும் நின்றுகொண்டிருந்தோம்.

"ஏஞ்சாமி, அதுல குடியிருந்தாங்கன்னு சொன்னியே, அது யாரு?" என்றாள்.

எத்தனையோ வருஷம் ஒரு வார்த்தை கேட்காதவள் இப்போது கேட்கிறாள். இனிமேல் இவளிடம் மறைத்து என்ன. சொன்னேன். கப்பல், கடல், வெள்ளைக் கோடு, வட்டங்கள், புகை.

"போட்டோப் புடிச்சவங்கதான் குண்டும் போட்டாங்களா?"

"ஆமாக்கா."

"குண்டப் போட்டுட்டு எதுக்குப் போட்டோ?"

"சரியா விழுந்துச்சான்னு பாக்கறதுக்கு."

அவள் பழக்காரரின் தராசைத் திரும்பிப் பார்த்தாள். "அப்புறம்?"

"முழுகிருச்சு."

"எத்தன பேரு?"

"தெரியாதுக்கா."

"பாத்துச் சொல்றதுதான் வேலைன்னு சொல்லுவ?"

"மேல இருந்து பாத்தா ஆளு தெரியாதுக்கா."

"ஓ" என்றாள். மச்சான் வந்ததும் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள்.

ரோடு ஒதுங்கியது. அக்கா வீட்டுச் சுவரைத் தொடாமல், கீழ்ப்பக்கமாகப் புதிதாக ஒரு வளைவு எடுத்துப் போட்டார்கள். குண்டுக்குப் பயந்து கப்பல் வளைந்தது, கப்பலுக்குப் பயந்து ரோடு வளைந்தது. இந்த இடத்தில் எதுக்குடா இப்படி ஒடிச்சிருக்கானுங்க என்று பஸ் டிரைவர்கள் தினமும் திட்டிக்கொண்டுதான் திருப்புகிறார்கள். மச்சான் அதை வாசலில் நின்று கேட்டுச் சந்தோஷப்படுகிறார். சிவப்புக் கோட்டின் மேல் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது, வெயில் பட்டால் இன்னும் லேசாகத் தெரியும்.

ஆடி அமாவாசைக்கு அவர்கள் வீட்டில் செத்தவர்களுக்கு இலை போட்டுப் படைப்பது வழக்கம். அந்த வீட்டுக் கூரைக்கடியில் உயிர் விட்டவர்கள் யாராக இருந்தாலும் அவர்களுக்கு அன்றைக்கு ஓர் இலை உண்டு, சொந்தம் பந்தம் பார்ப்பதில்லை. பெரு மழையில் ஒதுங்கிக் காய்ச்சலில் போய்விட்ட ஒரு வளையல் வியாபாரிக்குக்கூட வருஷா வருஷம் போடுகிறார்கள். இந்தத் தடவை அமாவாசைக்கு முந்தின நாள் அக்கா என்னைக் கூப்பிட்டு, சோளக்காட்டில் கருவாடு வாங்கி வரச் சொன்னாள்.

மச்சான் காதில் விழுந்துவிட்டது. "அமாவாசைக்குக் கருவாடா? ஊரு சிரிக்கும்" என்று குதித்தார்.

"தம்பி ஆசப்படுதுங்க. நேவியில தின்னு பழகுன நாக்கு" என்றாள் அக்கா, கண் இமைக்காமல். மச்சான் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் ஒரு நாளும் கருவாட்டைத் தொட்டவன் இல்லை. பழியைச் சுமந்துகொண்டு போய் வாங்கி வந்தேன்.

மறுநாள் கூடத்தில் இலை போட்டாள். மாமனாருக்கு, மாமியாருக்கு, வளையல்காரருக்கு. சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு, வாழைப்பழம். பழைய இடத்திலேயே மாட்டியிருந்த அந்தப் பச்சைப் படத்துக்கு நேர் கீழே இன்னோர் இலை போட்டு அதில் கருவாட்டை வைத்தாள்.

"இது யாருக்கு?" என்றார் மச்சான்.

"அந்தப் படத்துல புகை வருதேங்க, அவங்களுக்கு."

"எங்க பாட்டன் பூட்டனுக்கா?" மச்சான் படத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "அவங்களுக்குக் கருவாடு புடிக்குமா புள்ள?"

"புடிக்குமுங்க."

அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு காக்கையைக் கூப்பிட வாசலுக்குப் போனார். அவர் தலை மறைந்ததும் நான் சொன்னேன். "அக்கா, அவங்க எந்த நாட்டுக்காரங்களோ, என்ன சாதி சனமோ. இந்த வீட்டுக்கும் அவங்களுக்கும் என்ன இருக்குது?"

"ஆபீசுல எழுதிக் குடுத்துட்டு வந்தது யாரு? இதுதான் ஊடுன்னு கெவருமெண்டே சொல்லிருச்சு. அப்ப நம்மூட்டுல செத்தவங்கதானே" என்றாள். குழம்புக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஒற்றை இலையையே பார்த்தாள். "எத்தன பேருன்னு தெரியாதுன்னியே சாமி. ஒரு எல போதுமா?"

நான் படத்தைப் பார்த்தேன். பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. பிறகு அரிவாளை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய் வாழை இலைகளை அறுத்து வந்தேன். கூடம் கொள்ளும் மட்டும் போட்டோம்.